சதுரங்கத்தில் நெடுநாட் பழகியோர் முன்னேறுதல்

சதுரங்கம் கற்கப் புகும் சிறுவர்க்கு வழிகாட்டும் நூல்கள் பல உள. பட்டம் பெற்ற வல்லுநர்க்கு உதவும் நூல்களும் பல உள. இவ்விரு திறத்தாருக்கும் இடையே நிற்கும் ஒரு கூட்டத்தாரை எவரும் அத்துணையாக நினைப்பதில்லை. பள்ளிப் பருவத்தில் ஆடத் தொடங்கிப் பத்தாண்டோ இருபதாண்டோ விடாது ஆடியும், முதற் சில ஆண்டுகளில் எய்திய நிலைக்கு அப்பால் ஓரடியேனும் எடுத்து வையாதவரே அவர். எமது கல்லூரியின் பழைய மாணவருள் இத்தகையோர் பலரை யாம் அறிவோம். ஆசிரியர் ஓய்வறையிலும் உளர். இக்கட்டுரை எழுதுவோரும் அவருள் அடங்குவர்.

அத்தகையார் மேலுஞ் சிறத்தற்கு வழி உண்டா, உண்டாயின் அது யாது என்பதே ஈண்டு யாம் சொல்லப் புகுவது. காய்களின் பெயர் ஊருக்கு ஊர் வேறுபடுதலின், மயக்கம் நேராவண்ணம் முதலிலே ஒன்று கூறிவிடுகின்றோம். அரசன், அரசி, நேர்க்கோட்டிற் செல்லுங் கோட்டை, மூலைவாட்டிற் செல்லும் மந்திரி, தாவிச் செல்லுங் குதிரை, முன்வரிசையில் நிற்குங் காலாள் என்னும் பெயர்களையே ஆளுகின்றோம். அரசனைத் தாக்குதல் முற்றுகை எனப்படும். அவன் தப்ப வழியின்றி ஆட்டம் முடிதல் இறுதி முற்றுகை எனப்படும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மாலைப்பொழுது, கல்லூரிச் சதுரங்கக் கழகத்தில் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனோடு ஆடினோம். ஆட்டம் எமக்கே வாய்ப்பாக இருந்தது. ஒரு காய் மிகுதியாகவும் வைத்திருந்தோம். எதிரியின் அரசன்மேற் பாய்வதற்காக ஒரு குதிரையைப் பெயர்த்துவிட்டுக் கையை எடுத்தோம். மாணவன் உடனே தன் காயைத் தொடவில்லை. சற்றுத் தயங்கி, “சேர், உங்கட கோட்டைக்குக் காவல் இல்லாமற் போகுதே” என்றான். நகர்வைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு அவன் குறிப்பாற் கூறிய அந்தக் கருணை, தோல்வியினுங் கடுமையாக எம்மைத் தைத்தது. நகர்வைத் திரும்ப எடுத்திலோம். கோட்டை போயிற்று, ஆட்டமும் போயிற்று.

அன்றிரவு யாம் செய்தது, எம்மை ஒத்தார் எல்லாரும் செய்வதே. எமக்கு அறிவு போதாது என்று முடிவு செய்து, ஆட்டத்தின் தொடக்க நகர்வுகளை விரித்துரைக்கும் நூல்கள் சிலவற்றைத் தேடிப் பெற்றோம். சிசிலியத் தற்காப்பின் கிளைகளை, இலக்கண நூற்பாவை நெட்டுருச் செய்வது போல நெட்டுருச் செய்தோம். ஆறு திங்கள் கழிந்தன. அம்மாணவனே மீண்டும் வென்றான். முதற் பன்னிரண்டு நகர்வுகளை எம்மினும் பிழையாக ஆடிவிட்டு வென்றான். அப்பொழுதுதான் யாம் நோயை ஓரிடத்தில் வைத்துக்கொண்டு மருந்தை வேறோரிடத்தில் இட்டோம் என்பது விளங்கிற்று.

எமானுவேல் லாஸ்கர் என்பார் 1894 முதல் 1921 வரை உலக வீரர் பட்டத்தைத் தாங்கியவர்; கணித அறிஞருமாவர். அவர் தமது சதுரங்கப் பாடநூலில், இயல்பான ஆற்றலே உடைய ஒருவரைச் சிறந்த ஆட்டக்காரராக்குதற்கு 200 மணி நேரம் போதும் எனக் கணக்கிட்டார். அந்நேரத்தை அவர் பங்கிட்ட வகை நோக்கத்தக்கது. விதிகளும் பயிற்சியும் 5 மணி, எளிய இறுதியாட்டங்கள் 5 மணி, தொடக்க நகர்வுகள் 10 மணி, காய்களை இணைத்துத் தாக்கும் உத்திகள் 20 மணி, நிலையை மதிப்பிட்டு ஆடுதல் 40 மணி. எஞ்சிய 120 மணியும் ஆடுதற்கும், ஆடியதை ஆராய்தற்கும் உரியன. 200 மணிதான் போதுமோ என்பதில் எமக்கு ஐயம் உண்டு. ஆயினும் பங்கீட்டில் ஐயமில்லை. யாம் ஆறு திங்களாகச் செலவிட்டது அந்தப் பத்து மணிக்குரிய பகுதியிலேயே.

‘ஆடுதற்கும் ஆராய்தற்கும்’ என்னுந் தொடரிற் பின்னையதை நம்மவர் விட்டுவிடுகின்றனர். ஆடுவதனாலேயே ஆட்டம் வளரும் என்பது பலர் நம்பிக்கை. வகுப்பறையிற் கோணலாக எழுதும் மாணவனை நாடோறும் பத்துப் பக்கம் எழுதச் செய்வதால் மட்டும் எழுத்துச் சீர்ப்படுமா? கோணல் உறுதிப்படும், அவ்வளவே. எந்த எழுத்து எங்ஙனம் கோணுகின்றது என்று அவனுக்குக் காட்டினால் மட்டுமே அது திருந்தும். கைப்பேசியிலே மூன்று நிமிட ஆட்டங்களை இரவு முழுதும் ஒன்றன்பின் ஒன்றாக ஆடும் அன்பர், பழைய பிழைகளையே மிக விரைவாகச் செய்யப் பயில்கின்றனர். (யாமும் அவ்வாறு பல இரவுகளைக் கழித்தவரே. காலையில் முதற்பாட வேளையில் அதன் பயன் தெரியும்.)

இனி, வல்லவர்க்கும் எமக்கும் உள்ள வேறுபாடு யாது? அவர் இருபது நகர்வுகளை முன்கூட்டியே காண்பர், நாம் மூன்றைக் காண்போம் என்பது வழக்கமான விடை. ஒல்லாந்து நாட்டு உளநூலறிஞரும், தம் நாட்டு அணியில் இடம்பெற்ற ஆட்டக்காரருமான டி குரூற் என்பார் இதனை ஆராய்ந்து 1946 இல் நூலாக வெளியிட்டார். தலைசிறந்த வீரரையும் அவரினுந் தாழ்ந்த நல்ல ஆட்டக்காரரையும் ஒரே நிலையின் முன் இருத்தி, சிந்திப்பதை வாய்விட்டுச் சொல்லுமாறு செய்தார். தலைசிறந்தோர் மற்றையோரினும் மிகுதியான நகர்வுகளையோ மிக ஆழமாகவோ நோக்கினார் அல்லர். நோக்கத்தக்க நகர்வையே முதலில் நோக்கினர். பலகையைச் சில விநாடி காட்டி மறைத்தபோது, காய்கள் நின்ற இடங்களை ஏறத்தாழ முழுவதும் ஒப்பித்தனர். பின்னர் 1973 இல் அமெரிக்காவிற் சேஸ், சைமன் என்னும் இருவர், காய்களை ஒழுங்கின்றி வாரி இறைத்தாற் போல வைத்துக் காட்டினர். அப்பொழுது வல்லவரின் நினைவாற்றல் பெரும்பாலும் மறைந்து, அவரும் கற்றுக்குட்டியும் ஏறத்தாழ ஒரு நிலையினராயினர்.

தமிழ் கற்பிக்கும் எமக்கு இது புதுமையன்று. யாப்பிற் பழகிய செவி, அசை பிரித்து எண்ணுமுன்னரே வெண்பாவிலே தளை தட்டும் இடத்தை அறிந்துகொள்ளும். பழகாத செவி விரல்விட்டு எண்ணியுந் தவறும். வல்ல ஆட்டக்காரன் தனித்தனி முப்பத்திரண்டு காய்களைக் காண்பதில்லை. சேர்ந்து நிற்கும் சில கூட்டங்களையே காண்கின்றான். ஆதலின் நமக்கு வேண்டுவன இரண்டு. ஒன்று, இத்தகைய கூட்டங்களைக் கண்ணிற் படியச் செய்தல். மற்றது, நம் கண் எங்கே நோக்காது விடுகின்றது என்பதை அறிதல்.

முன்னையதற்கு வழி எளிது. ஒரு காயால் இரண்டைத் தாக்குதல், பெயர்ந்தால் அரசனுக்கு இடர் வருமாறு ஒரு காயைப் பிணித்தல், முன்நிற்குங் காயை விலக்கிப் பின்நிற்குங் காயால் தாக்குதல் என்பனபோன்ற உத்திகளைக் கொண்ட சிறு புதிர்களை நாளுக்குக் கால்மணி நேரம் விடுவித்தால் அமையும். புதிர் கடினமாயிருத்தல் வேண்டுமென எண்ணி ஒன்றனோடு ஒருமணி நேரம் மல்லாடுவோர் உளர். எளிய புதிர் நூறும் அவற்றையே மறு திங்களில் மீண்டும் விடுவித்தலுமே நெடுநாட் பழகியோர்க்குப் பெரிதும் பயன்படும் என்பது எமது துணிபு.

பின்னையது கடினமானது, அதற்குக் குறிப்பேடு வேண்டும். விலையுயர்ந்தது வேண்டா, மாணவர் கொப்பி ஒன்று போதும். மெதுவாக ஆடிய ஆட்டம் ஒவ்வொன்றின் நகர்வுகளையும் அதில் எழுதுதல் வேண்டும். ஆட்டம் முடிந்த அன்றே, நினைவு மறையுமுன், ஆடும்பொழுது யாது எண்ணினோம், எதற்கு அஞ்சினோம், எந்த நகர்வை ஏன் தள்ளினோம் என்பவற்றை அருகே எழுதுதல் வேண்டும். எண்ணியதை உள்ளவாறே எழுதுதல் முதலில் நாணத்தைத் தரும். ‘ஒன்றும் எண்ணவில்லை’ என்று எழுதவேண்டிய இடங்கள் நாம் எதிர்பார்ப்பதினும் மிகப் பல.

யாம் இவ்வாறு தோற்ற ஆட்டங்கள் முப்பதை எழுதி, அடுக்கி நோக்கினோம். தொடக்க நகர்வு அறியாமையால் தோற்றவை இரண்டோ மூன்றோதான். பாதிக்கு மேற்பட்டவற்றில், நன்றாக நின்ற ஆட்டத்தை ஒரே நகர்வாற் கெடுத்திருந்தோம். அந்நகர்வுகளுட் பெரும்பாலன ஒரே வகையின. காவல் செய்துகொண்டிருந்த ஒரு காயை, அது காவல் செய்கின்றது என்பதை மறந்து, வேறொரு நல்ல வேலைக்கு அனுப்பிவிட்டோம். மாணவன் சுட்டிக்காட்டிய அதே பிழை முப்பது ஆட்டங்களுள்ளும் முகம் மாறி மாறி வந்திருந்தது.

இப்பிழை எம்மைப் போல்வார்க்கே உரியதென எண்ணற்க. 1892 இல் ஹவானா நகரிலே ஸ்ரைனிற்ஸ் என்பாருக்கும் உருசிய வீரர் சிகோரினுக்கும் உலக வீரர் பட்டத்துக்கான போட்டி நடைபெற்றது. இருபத்துமூன்றாம் ஆட்டத்திற் சிகோரின் வென்றால் வெற்றிகள் ஒன்பதுக்கு ஒன்பதாகச் சமனாகும். அவர் ஒரு காய் மிகுதியாக வைத்து, வெற்றியை நெருங்கியும் விட்டார். அவரது மந்திரி ஒன்று, அரசனின் அருகே ஓரத்தில் நின்ற காலாளைத் தூரத்திலிருந்து காத்துக்கொண்டிருந்தது. எதிரியின் கோட்டைகள் இரண்டும் அவர் பக்கத்து இரண்டாம் வரிசையிற் புகுந்து நின்றன. முப்பத்திரண்டாம் நகர்வில் அந்த மந்திரியை அவர் வேறிடத்துக்குப் பெயர்த்தார். கோட்டை அக்காலாளை வெட்டியது. அடுத்த நகர்வில் இறுதி முற்றுகை. சிகோரின் அவ்விடத்திலேயே ஆட்டத்தைக் கைவிட்டார். பட்டமும் கைவிட்டுப் போயிற்று.

அண்மைக் காலத்திலும் இதனோடு ஒத்தது நிகழ்ந்தது. 2024 மார்கழியிலே சிங்கப்பூரில், சீன நாட்டு உலக வீரர் டிங் லிரெனும் சென்னை இளைஞர் குகேஷும் பொருதபோது, பதின்மூன்று ஆட்டங்கள் முடிவில் இருவரும் சமனாக நின்றனர். இறுதியான பதினான்காம் ஆட்டத்திற் டிங்கிடம் ஒரு காலாள் குறைவு. ஆயினும் ஒவ்வொரு கோட்டையும் ஒவ்வொரு மந்திரியும் பலகையில் உள்ளவரை, பொறுமையாக ஆடின் அது சமனாக முடியத்தக்க நிலை. ஐம்பத்தைந்தாம் நகர்வில் அவர் கோட்டைக்குக் கோட்டை மாற்றுதற்கு இடங்கொடுத்தார். அதன் பின்னர் மந்திரிக்கு மந்திரியும் மாற்றப்படும் என்பதை அவர் நோக்கிற்றிலர். அரசரும், ஒரு புறம் இரண்டும் மறுபுறம் ஒன்றுமாகக் காலாள்களும் மட்டுமே எஞ்சின. அந்நிலை காத்தற்கரியது. பதினெட்டு வயதில் குகேஷ் உலக வீரரானார். நாலு மணி நேரங் களைத்த மூளையின் பிழை அது என்பார் உளர், உண்மையே. களைத்த மூளைக்கும் கைகொடுப்பது வழக்கம் ஒன்றுதான்.

அவ்வழக்கத்தை யாம் இவ்வாறு அமைத்துக்கொண்டோம். எதிரி நகர்த்தியவுடன், ‘இது எதனைத் தாக்குகின்றது? எதனைக் காவாது விட்டது?’ என்று கேட்டல். நாம் நகர்த்துமுன், ‘இக்காய் இதுவரை எதனைக் காத்தது?’ என்று கேட்டல். பின்னர், நகர்த்திவிட்டதாகவே பாவித்து, எதிரியின் இருக்கையில் இருந்து, எம் அரசனுக்கு அவர் தரத்தக்க முற்றுகைகளையும் வெட்டத்தக்க காய்களையும் ஒருமுறை பார்த்தல். சோவியத் ஆசிரியர் புளூமன்பெல்ட் என்பார், எண்ணிய நகர்வை முதலில் தாளில் எழுதிவிட்டு, அதன்பின் ஒரு கற்றுக்குட்டியின் கண்கொண்டு பலகையை நோக்கி, பின்னரே காயைத் தொடுமாறு அறிவுறுத்தினார். எழுதும் செயல் மனத்தை ஒரு கணம் விடுவிக்கும் என்பது அவர் கருத்து. போட்டிகளில் நகர்த்துமுன் எழுதுதல் 2005 முதல் விதியால் தடுக்கப்பட்டுள்ளது. ஆதலின் மாணவர் அதனை அங்கே செய்யலாகாது. பயிற்சி ஆட்டத்திற் செய்து பழகுதற்குத் தடையில்லை.

இறுதியாட்டத்தைக் குறித்துச் சற்று விரிவாகக் கூற விரும்புகின்றோம். நெடுநாட் பழகியோர் மிகவும் புறக்கணிக்கும் பகுதி அதுவே. காய்கள் குறைந்தவிடத்து ஆட்டம் சுவை குன்றும் என்பர். சுவை இல்லை என்போர் றெற்றி என்பார் 1921 இல் அமைத்த புதிரைப் பலகையில் வைத்துப் பார்ப்பாராக. வெள்ளை அரசன் எச் 8 என்னும் மூலையில்; அவனது ஒரே காலாள் சி 6 இல். கறுப்பரசன் ஏ 6 இல். அவனது காலாள் எச் 5 இல். வெள்ளை ஆடிச் சமன் செய்தல் வேண்டும். முதற் பார்வையில் இது கூடாத காரியம். கறுப்புக் காலாளைத் துரத்தினால் வெள்ளையரசன் எப்பொழுதும் இரண்டு கட்டம் பின்னே நிற்பான். தன் காலாளுக்குத் துணையாகச் சென்றாலோ, அதற்குள் கறுப்பரசன் அதனை வெட்டிவிடுவான்.

விடை, இரண்டுக்கும் ஒருங்கே செல்லுதல். அரசன் ஜி 7, எப் 6 என மூலைவாட்டில் இறங்குகின்றான். சதுரங்கப் பலகையிலே மூலைவாட்டிற் செல்லுதற்கு நேரே செல்வதினும் கூடுதலான நகர்வு வேண்டியதில்லை. கேத்திரகணிதம் கற்பிக்கும் நண்பர் இதனை ஒப்பார், ஆயினும் பலகையின் கணக்கு அதுவே. அவன் எப் 6 ஐ அடைந்தபோது கறுப்புக் காலாள் மேலும் ஓடினால், தன் காலாளின் பக்கம் சென்று சேர்ந்துவிடுவான். இருவர் காலாளும் அரசியாகி ஆட்டம் சமனாகும். கறுப்பரசன் பி 6 க்கு வந்து காலாளை வெட்ட முனைந்தால், வெள்ளையரசன் ஈ 5 க்கு இறங்குவான். வெட்டினால் எப் 4 வழியாகச் சென்று ஓடுங் காலாளைப் பிடிப்பான். வெட்டாவிடின் டி 6 இற் சென்று தன் காலாளைக் காப்பான். இப்புதிரை ஒருமுறை உணர்ந்தவர், அரசனை மூலையில் ஒளித்துவைக்கும் பழக்கத்தை இறுதியாட்டத்தில் விட்டொழிப்பர்.

இஃது அழகுக்காகக் காட்டியது. நாட்பயனுக்கு வேண்டுவது கோட்டையாட்டம். ஒருவரிடம் கோட்டையும் காலாளும், மற்றவரிடம் கோட்டை மட்டும் என்னும் நிலை அடிக்கடி வரும். காப்பவரின் அரசன் காலாளின் எதிரே நின்றால், பதினெட்டாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு வீரர் பிலிடோர் காட்டிய முறையாற் சமன் செய்யலாம். தன் பக்கத்திலிருந்து எண்ண வரும் மூன்றாங் குறுக்கு வரிசையிற் கோட்டையை நிறுத்தி, எதிரியரசன் அவ்வரிசையிற் கால்வையாமற் தடுத்தல் வேண்டும். அவ்வரிசைக்குக் காலாள் முன்னேறியவுடன், கோட்டையைப் பலகையின் மறுகோடிக்குக் கொண்டுபோய்ப் பின்னிருந்து முற்றுகை இட்டுக்கொண்டே இருத்தல் வேண்டும். தன் காலாள் முன்னே போய்விட்டமையால் எதிரியரசனுக்கு ஒதுங்க இடமில்லை. இதனைக் கற்க ஒரு மாலை போதும். கல்லாமையால் யாம் இழந்த ஆட்டங்களோ, எண்ணிச் சொல்ல மனமில்லை.

தொடக்க நகர்வுகளைப் பற்றிச் சிறிதே கூறுவோம். வெள்ளைக்கு ஒன்று, கறுப்புக்கு இரண்டு தேர்ந்துகொண்டு, அவற்றினின்று பிறக்கும் நடுவாட்டத்தின் இயல்பை அறிந்தாற் போதும். பஞ்சாப்பிலே பிறந்த சுல்தான் கான், நம் நாட்டார் பண்டு ஆடிய விதிகளின்படியே இளமையிற் கற்றவர். மேனாட்டு விதிகளைப் பின்னரே பயின்றார். தொடக்க நூலறிவு ஏதுமின்றியே 1929, 1932, 1933 ஆகிய மூன்றாண்டுகளிற் பிரித்தானிய வீரர் பட்டத்தை வென்றார். 1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியிற் கப்பபிளாங்காவையே தோற்கடித்தார். அவர் பேராற்றல் நமக்கில்லை என்பது மெய். ஆயினும் நமக்கு நேர் எதிரே இருப்பவரும் கப்பபிளாங்கா அல்லரே.

கணினியைக் குறித்து இளைஞர் எம்மிடங் கேட்பதுண்டு. இன்று எவரும் தம் ஆட்டத்தை அதனிடங் காட்டி, பிழையான நகர்வு எது என ஒரு கணத்தில் அறியலாம். அது நற்பேறே. ஆனால் முதலிலேயே அதனிடஞ் செல்லும் மாணவன், வினாத்தாளைப் பாராது விடைத்தாளைப் பார்த்து எழுதும் மாணவனை ஒப்பான். எந்த நகர்வு பிழை என்று கணினி கூறும்; அதனை நாம் ஏன் ஆடினோம் என்று கூறாது. அது நம் கொப்பியில் மட்டுமே உளது. ஆகவே முதலில் நாமே ஆராய்ந்து எழுதுதல், பின் ஆடிய எதிரியோடு இருந்து ஒப்பிடுதல், ஈற்றிற் கணினியைக் கேட்டல் என்பது எமது வரிசை. எதிரியோடு ஒப்பிடும் நடுப்படியை விடலாகாது. நாம் அஞ்சிய நகர்வை அவர் கண்டதேயில்லை என்பதும், நாம் காணாததையே அவர் மூன்று நகர்வாகக் காத்திருந்தார் என்பதும் அங்கேதான் வெளிப்படும்.

‘வயது சென்றுவிட்டது, இனி என்ன?’ என்பார்க்கு ஒரு செய்தி. மின்பொறியியலாளராகப் பணியாற்றிக்கொண்டே உலக வீரராகத் திகழ்ந்தவர் போட்வினிக். அவர் 1960 இல் மிகையில் தால் என்னும் இளைஞரிடம் பட்டத்தை இழந்தார். காய்களைப் பலிகொடுத்து மின்னலெனத் தாக்கும் அவ்விளைஞருக்கு இவர் ஈடல்லர் என்றே பலரும் கருதினர். போட்வினிக் தாம் தோற்ற ஆட்டங்களை ஓராண்டு காலம் இருந்து ஆராய்ந்தார். தால் விரும்பும் திறந்த போர்க்களங்களைத் தவிர்த்து, அரசிகளை மாற்றி அமைதியான நிலைகளுக்கு ஆட்டத்தை இழுத்துச் செல்லத் துணிந்தார். 1961 இல், நாற்பத்தொன்பது வயதில், இருபத்துநாலு வயதினரை 13க்கு 8 என்னும் புள்ளிக் கணக்கில் வென்று பட்டத்தை மீட்டார். தால் அப்பொழுது சிறுநீரக நோயால் வருந்தினார் என்பதை மறைத்தல் முறையன்று. எனினும் தம் தோல்விகளை ஒருவர் பாடநூலாக்கிக்கொண்டமைக்கு இதனினுஞ் சிறந்த சான்று எமக்குத் தெரியாது.

நேரம் எங்கே என்பது எஞ்சிய வினா. உழைத்துக் குடும்பங் காக்கும் பழைய மாணவர்க்குக் கிழமைக்கு நாலு மணி நேரம் கிடைப்பதே அரிது. அதில் இரண்டு மணியை ஒரே ஒரு மெதுவான ஆட்டத்துக்கு ஒதுக்குக. அதனை ஆராய ஒருமணி. எஞ்சிய ஒருமணியைப் புதிருக்கும் இறுதியாட்டத்துக்கும் பங்கிடுக. ஆறு திங்கள் வரை வெற்றி தோல்விகளை எண்ணாதிருத்தல் நன்று. பழைய வழக்கத்தை உடைக்குங்கால் ஆட்டம் முதலிற் சற்றே தளரும். எமக்குந் தளர்ந்தது. அப்பொழுது கொப்பியை மூடி வைத்தவரே எம் நண்பருட் பலர்.

அந்த மாணவன் இப்பொழுது பல்கலைக்கழகத்திற் பயில்கின்றான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் பலகையோடு எம் வீட்டுத் திண்ணையில் வந்திருப்பான். சென்ற முறை மூன்று ஆட்டங்கள் ஆடினோம். ஒன்றில் யாம் வென்றோம். ஒன்று பிலிடோர் புண்ணியத்தாற் சமனாயிற்று. மூன்றாவது ஆட்டத்தின் இருபத்தாறாம் நகர்வுக்கு நேரே கொப்பியில் இவ்வாறு எழுதியுள்ளோம்: ‘அவன் ஓரக் காலாளை ஏன் நகர்த்தினான் என்று கேட்கவில்லை. தேநீர் வந்தது.’